பெட்டியோடு வந்த 'ஸன்' ஃபில்டரை முதலில் உடையுங்கள்: டெலஸ்கோப்பில் சூரியன் பார்க்க வழிகாட்டி

மதுரை வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர். புதிதாக டெலஸ்கோப் வாங்கியவர் ராத்திரி நிலாவைப் பார்த்து முடித்ததும், மறுநாள் காலை மொட்டைமாடியில் அதைச் சூரியன் பக்கம் திருப்பத்தான் நினைப்பார். அந்த நினைப்பில் தப்பில்லை. எதை மாட்டித் திருப்புகிறார் என்பதில்தான் கண் இருக்கிறது.

இந்தக் கட்டுரை 60 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை விட்டமுள்ள சாதாரண வீட்டு டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு. 2027 ஆகஸ்ட் 2 அன்று மாலையில் நம் பக்கம் பகுதி சூரிய கிரகணம் தெரியும். 2031 மே 21 அன்று மதியத்தில் வளைய கிரகணத்தின் (நிலா முழுதும் மறைக்காமல், சூரியனின் ஓரம் வளையமாகத் தெரிவது) பாதை தேனி, மதுரை வழியாகவே போகிறது. கிரகணத்துக்கு முந்தைய வாரம் ஃபில்டர் தேடி அலைபவர்கள்தான் கையில் கிடைத்ததை மாட்டுகிறார்கள். இப்போதே ஆரம்பித்தால் அந்த அவசரம் வராது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே விதி. சூரிய வெளிச்சம் குழாய்க்குள் நுழைவதற்கு முன்பே குறைய வேண்டும். உள்ளே நுழைந்து, குவிந்து, கண் பக்கம் வந்த பிறகு அதைக் குறைக்கிறேன் என்று சொல்லும் கறுப்புக் கண்ணாடியை நம்பக் கூடாது.

1. பெட்டியைக் கொட்டி 'ஸன்' என்று எழுதியதைத் தேடுங்கள்

மலிவு விலை டெலஸ்கோப்களோடு, அதிலும் பழையதாகக் கைமாறி வருபவற்றோடு, ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழல்), பார்லோ லென்ஸ் (பெருக்கத்தைக் கூட்டுவது) வகையறாக்களுக்கு நடுவே ஒரு சின்ன உலோக வளையம் இருக்கும். அளவு ஒரு ரூபாய் நாணயத்துக்கும் பத்து ரூபாய் நாணயத்துக்கும் இடையில். உள்ளே கரும்பச்சையாகவோ ஏறக்குறையக் கறுப்பாகவோ கண்ணாடி. வளையத்தின் ஓரத்தில் 'ஸன்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். ஐபீஸின் அடிப்பக்கத்தில் திருகி மாட்டுவது. டெலஸ்கோப் சமாச்சாரத்தில் இதைவிட ஆபத்தான பொருள் இல்லை.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். தெளிவான நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. 70 மி.மீ. லென்ஸ் அதில் சுமார் மூன்றரை வாட்டைப் பிடிக்கும். லென்ஸுக்குப் பதில் குழி ஆடி வெளிச்சத்தைக் குவிக்கும் 114 மி.மீ. கண்ணாடி டெலஸ்கோப்பில் இழப்பெல்லாம் போக ஏழு வாட். 200 மி.மீ. டாப்சோனியன் (தரையில் வைக்கும் பெட்டித் தாங்கியில் நிற்கும் பெரிய கண்ணாடி டெலஸ்கோப்) என்றால் இருபது வாட்டைத் தாண்டும். ஏழு வாட் சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் 900 மி.மீ. குவியத் தூரமுள்ள டெலஸ்கோப்பில் சூரியனின் பிம்பம் 8 மி.மீ. வட்டம்தான். அத்தனை வெப்பமும் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன அந்த வட்டத்தில் விழுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வட்டம் விழும் இடத்துக்கு ஒட்டியே 'ஸன்' ஃபில்டர் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியின் நடு மட்டும் சுடுகிறது. ஓரம் உலோக வளையத்தின் பிடியில் அவ்வளவு சூடாகாமல் இருக்கிறது. நடு விரியப் பார்க்க, ஓரம் விடாமல் பிடிக்க, குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற டீயை ஊற்றினால் ஆவதுதான் இங்கேயும் ஆகிறது. 'டிக்' என்று ஒரு சத்தம். விரிசல் வழியாகக் குறையாத சூரியன் நேராக வருகிறது. அந்த நொடி கண் ஐபீஸில்தான் இருக்கும். கண்ணை மூடித் தலையை இழுப்பதற்குள் விழித்திரையில் விழ வேண்டியது விழுந்துவிடும்.

"நான் பத்து தடவை பார்த்தேன், ஒன்றும் ஆகலையே" என்று சொல்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் கண்ணாடிக்குள் இருக்கும் மயிரிழைக் கீறல் கொஞ்சம் வளரலாம். பத்து தடவை தாங்கியது பதினொன்றாவதுக்கு உத்தரவாதம் ஆகாது. இன்னொன்று, உடையாமலே இருந்தாலும் அந்தக் கண்ணாடி அகச்சிவப்பை எவ்வளவு தடுக்கிறது என்பதற்குப் பெட்டியில் எந்தக் காகிதமும் இருக்காது.

இதைப் பத்திரமாக எடுத்து வைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு போடு போட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் டெலஸ்கோப்பை விற்கும்போது அது அடுத்த வீட்டுப் பையன் கைக்குப் போகக் கூடாது. கூடவே வெளிர்ப் பச்சையில் நிலா ஃபில்டர் ஒன்று இருக்கலாம். அது பௌர்ணமி நிலாவின் கூச்சத்தைக் குறைக்க மட்டும். அதையும் சூரியன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

2. வீட்டில் கிடப்பதை வைத்துச் சமாளிக்காதீர்கள்

கண்ணால் பார்க்கும் சூரிய ஃபில்டர் வெளிச்சத்தை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். இதை ஒளி அடர்த்தி 5 என்பார்கள். அடர்த்தியில் ஒவ்வொரு எண் ஏறும்போதும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிறது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தாலே கீழே உள்ளவை ஏன் தேறவில்லை என்று விளங்கும்.

வெல்டிங் கண்ணாடி: ஹார்டுவேர் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10, 11 எண். 11-ஆம் எண்ணின் அடர்த்தி 4.3-க்குப் பக்கம். 14-ஆம் எண் வெறும் கண்ணுக்குப் போதும். ஆனால் அதன் பரப்பு டெலஸ்கோப்புக்குத் தேவையான அளவு சமதளமாக இருக்காது. முன்னால் வைத்தால் பிம்பம் கலங்கும், பின்னால் வைத்தால் 'ஸன்' ஃபில்டர் கதைதான்.

வெள்ளி நிறத் தாள்: சிப்ஸ் பாக்கெட், பரிசுத் தாள், சிவகாசி அச்சுவேலைகளில் புழங்கும் மெட்டலைஸ்டு பாலியஸ்டர் எல்லாம் பார்ப்பதற்கு நல்ல சோலார் ஃபிலிம் மாதிரியே பளபளக்கும். இவற்றின் அடர்த்தி பொதுவாக 2-லிருந்து 3-க்குள். தேவையைவிட நூறு மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். ஆன்லைனில் 'சோலார் ஃபிலிம்' என்று பெயர் வைத்து விற்கும் மலிவுத் தாள்களில் இந்த ரகமும் கலந்திருக்கலாம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஜன்னலுக்கும் காருக்கும் ஒட்டும் சன் கன்ட்ரோல் ஃபிலிமும் தேறாது.

எக்ஸ்ரே, சி.டி., புகை பிடித்த கண்ணாடி, இரண்டு கூலிங் கிளாஸை ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பது: கறுப்பாகத் தெரிவது வேறு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் தடுப்பது வேறு. கண் கூசவில்லை என்பதால் நீங்கள் அதிக நேரம் பார்ப்பீர்கள். ஆபத்து அங்கேதான். கேமரா கடையில் கிடைக்கும் என்.டி. 1000 ஃபில்டரின் அடர்த்தியே 3-தான், அதிலும் அகச்சிவப்பு தாராளமாகக் கடக்கும்.

கிரகணக் கண்ணாடி: ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்ட அட்டைக் கண்ணாடி நல்லதுதான். வெறும் கண்ணுக்கு மட்டும். அதை மாட்டிக்கொண்டு ஃபில்டர் இல்லாத டெலஸ்கோப்பில் பார்த்தால், குவிந்த வெளிச்சம் அந்த ஃபிலிமைப் பொத்தலாக்கிவிட்டுக் கண்ணுக்கு வரும். கிரகண நாட்களில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தப்பு இது.

தாம்பாளத் தண்ணீர்: மஞ்சளோ சாணியோ கரைத்த தண்ணீரில் சூரியனைப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தண்ணீர்ப் பரப்பு, சூரியன் உச்சியில் இருக்கும்போது, வெளிச்சத்தில் சுமார் 2 சதவீதத்தைப் பிரதிபலிக்கும். அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. நமக்கு வேண்டியது லட்சத்தில் ஒரு பங்கு. கிரகணத்தன்று உலக்கையை நிறுத்தி வைத்து வேடிக்கை பார்ப்பதில் கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

3. எதை வாங்குவது, என்ன காகிதம் கேட்பது

ஆரம்பக்காரருக்கு நல்ல வழி, ஏ4 அளவு சோலார் ஃபிலிம் ஒன்று வாங்கி, உங்கள் குழாய்க்கு ஏற்ற மூடியை நீங்களே செய்வது. பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் ஃபிலிமில் சூரியன் வெள்ளையாக, லேசான நீலம் கலந்து தெரியும். தௌசண்ட் ஓக்ஸ் போன்றவர்களின் கறுப்பு பாலிமர் ரகத்தில் ஆரஞ்சாகத் தெரியும். நிறம் ரசனை. சூரியப் புள்ளிகளின் ஓரம் கூர்மையாக வேண்டும் என்றால் முதலாவது.

இங்கே ஒரு பொறி. ஆஸ்ட்ரோசோலாரில் இரண்டு ரகம் உண்டு. 5.0 கண்ணுக்கு. 3.8 கேமராவுக்கு மட்டும். 3.8 ரகத்தில் வெளிச்சம் பதினாறு மடங்கு அதிகம். இரண்டும் ஒரே வெள்ளி நிறம், உறையிலிருந்து எடுத்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. சில நேரம் 3.8 மட்டும் கையிருப்பில் இருக்கும், "இதுவும் அதே கம்பெனிதான் சார்" என்பார் விற்பவர். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டும் வீட்டில் இருந்தால் 3.8 மூடியின் ஓரம் முழுக்கச் சிவப்பு டேப் சுற்றி, 'கண்ணுக்கு அல்ல' என்று தமிழில் பெரிதாக எழுதி, வேறு பெட்டியில் வையுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: தயாரிப்பாளர் பெயரும் அடர்த்தி எண்ணும் அச்சிட்ட மூல உறை, உள்ளே செய்முறைத் தாள், விற்றவர் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில். சுருட்டி பாலிதீன் பையில் போட்டு, 'இம்போர்ட்டட் ஃபிலிம்' என்று கையால் எழுதிக் கொடுப்பதை வாங்காதீர்கள். பில்லையும் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி நடத்தும்போது தலைமையாசிரியரிடம் காட்ட அது ஒன்றுதான் சான்று.

நல்ல ஏ4 தாளுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு அதே பெயரில் கிடைத்தால் அது வேறு சரக்கு. மூடி செய்யும் செலவு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மதுரையில் நேரே கடைக்குப் போய் வாங்கும் பொருள் அல்ல இது. சென்னை, பெங்களூர் போன்ற ஊர்களின் டெலஸ்கோப் விற்பனையாளர்களிடம் ஆர்டர் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர்காரர் ஆதார் போன்ற அடையாளச் சான்றும், நீங்கள் பணம் கட்டிய ரசீதும் கேட்பார். சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் தனி. அந்தத் தொகையைக் கணக்கில் சேர்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள். கிரகணம் வரும் வருஷத்தில் அதற்கு முந்தைய மூன்று மாதம் ஸ்டாக் இருக்காது, இருந்தாலும் விலை வேறாகிவிடும்.

ஹெர்ஷல் வெட்ஜ் என்று ஒரு கருவி இருக்கிறது. கண் பக்கம் மாட்டுவதுதான், ஆனால் முறையாகச் செய்தது. ஒரு பிரிசம் வெளிச்சத்தின் 5 சதவீதத்தை மட்டும் கண் பக்கம் அனுப்பி, மிச்சத்தைப் பின்னால் வெளியேற்றும். அதற்குமேல் அடர்த்தி 3 ஃபில்டர் கட்டாயம். லென்ஸ் டெலஸ்கோப்புக்கு மட்டும் பொருந்தும், கண்ணாடி டெலஸ்கோப்பில் போட்டால் உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடியும் மற்றதும் வெந்துவிடும். முதல் வருஷத்தில் இது தேவையில்லை. சூரியனின் ஒரு குறிப்பிட்ட சிவப்பு ஒளியை மட்டும் காட்டும் ஹைட்ரஜன்-ஆல்பா டெலஸ்கோப்களும் அப்படித்தான், அவை தனி உலகம், தனி பட்ஜெட்.

4. மூடி செய்வது

வேண்டிய சாமான்: 3 மி.மீ. கனமுள்ள மில் போர்டு (பைண்டிங் கடையில் அல்லது அச்சகத்தில் துண்டாகவே கிடைக்கும்), சார்ட் அட்டை ஒன்று, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், துணி டேப், வெல்வெட் துணி ஒரு முழம், பாவாடை நாடா இரண்டு மீட்டர்.

முதலில் குழாயின் வெளிச்சுற்று. ஸ்கேலை வாய்க்குக் குறுக்கே வைத்து அளந்தால் தப்பாகும். ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, சேரும் இடத்தில் கோடு போட்டு, நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுங்கள். வெல்வெட்டுக்காக 2 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், பின்னால் செய்யப்போகும் உறையின் உள் விட்டம் இதுதான்.

மில் போர்டில் ஒரே அளவில் இரண்டு வளையம் வெட்டுங்கள். உள் ஓட்டை டெலஸ்கோப்பின் திறப்பு அளவு, வளையத்தின் அகலம் குறைந்தது 15 மி.மீ. ஏ4 ஃபிலிமின் அகலம் 20 செ.மீ.தான் என்பதை வெட்டும் முன் பாருங்கள். 200 மி.மீ. டாப்சோனியனுக்கு முழு வாயையும் அது மூடாது, ஒட்டும் இடம் போக 170-180 மி.மீ.தான் தேறும். அதைவிட நல்ல யோசனை, வாய் முழுவதையும் கனமான மில் போர்டால் மூடிவிட்டு, நடுவில் இருக்கும் சின்னக் கண்ணாடியும் அதன் கம்பிகளும் குறுக்கே வராத ஓரத்தில் 60-70 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு, அதில் மட்டும் ஃபிலிம் ஒட்டுவது. மிச்ச ஃபிலிமில் ஃபைண்டருக்கும் (குறிபார்க்கக் குழாயின்மேல் மாட்டியிருக்கும் குட்டி டெலஸ்கோப்) நண்பரின் டெலஸ்கோப்புக்கும் மூடி செய்யலாம். பகல் சூட்டில் காற்று அலையும்போது பெரிய திறப்பால் பெரிய லாபமும் இல்லை.

அடுத்தது ஃபிலிம் ஒட்டுவது. இதை ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மேஜையில் டிஷ்யூ காகிதம் விரித்து, அதன்மேல் ஃபிலிமைத் தட்டையாகக் கிடத்துங்கள். விரல் ரேகை படக்கூடாது. ஒரு வளையத்தின் ஒரு பக்கம் முழுக்க இரட்டை டேப் ஒட்டி, பாதுகாப்புத் தாளை உரித்து, வளையத்தை மேலிருந்து நேராக ஃபிலிம்மேல் இறக்குங்கள். ஃபிலிமை எடுத்து வளையத்தின்மேல் இழுத்து ஒட்டாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது தப்பு. இந்த ஃபிலிம் இழுத்தால் பிம்பம் கெடும், பூச்சும் விரியலாம். லேசாகச் சுருங்கிய அலைகளோடு தளர்ந்து இருப்பதே சரி. ஒட்டியதும் இரண்டாவது வளையத்தை மேலே வைத்து, ஓரத்தைத் துணி டேப்பால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

பிறகு சார்ட் அட்டையை மூன்று நான்கு சுற்றாகச் சுற்றி, 8 செ.மீ. ஆழமுள்ள உறை செய்து, உள்ளே வெல்வெட் ஒட்டி, வளையத்தோடு சேருங்கள். ஆழம் குறைந்தால் மூடி ஆடும். முடிந்ததும் டெலஸ்கோப் குழாயைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்குங்கள். மூடி நகர்ந்தால் வெல்வெட் இன்னொரு சுற்று.

அதோடு நிறுத்தக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது அட்டை மூடி எம்மாத்திரம்? ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மொட்டைமாடியில் எப்படி அடிக்கும் என்பது நம் பக்கத்தாருக்குத் தெரியும். உறையின் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, நாடாவைக் கோத்து, குழாயைப் பிடித்திருக்கும் வளையத்திலோ ஃபோகஸரின் (ஐபீஸை முன்பின் நகர்த்தும் பாகம்) அடியிலோ முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் செல்லோ டேப்பின் பசை இளகி, ஓரம் தானாகத் தூக்கிக்கொள்ளும்.

5. ஒவ்வொரு தடவையும் பொத்தல் சோதனை

அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சை எரியவிட்டு, அதன் முகத்துக்கு நேரே மூடியைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து பாருங்கள். விளக்கு இருக்கும் இடம் மங்கலான ஒரு புள்ளியாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். மூடியை மெதுவாக நகர்த்துங்கள். விளக்கைத் தாண்டும்போது எங்காவது நட்சத்திரம் மாதிரி சுளீரென்று மின்னினால் அது ஊசித் துளை. ஒன்றிரண்டு கண்ணுக்குத் தெரியாத துளை என்றால் கறுப்பு பெயிண்ட்டைத் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்து அடைக்கலாம். கீறல், மடிப்புக் கோடு, பூச்சு உரிந்த திட்டு இருந்தால் ஒட்டுப் போட வேண்டாம், தாளை மாற்றுங்கள். மழைக்காலம் முடிந்து முதல் தடவை எடுக்கும்போது இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

வைப்பதற்கு மூடியுள்ள கேக் டப்பா போதும். ஃபிலிமைத் துணியால் துடைக்காதீர்கள். தூசியை ஊதும் பம்ப்பால் மட்டும் தட்டுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

6. சூரியன் பக்கம் திருப்பும் வரிசை

இந்த வரிசை மாறக் கூடாது.

முதலில் ஃபைண்டரைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மூடி போட்டால் போதாதா என்றால், வரிசையில் நிற்கும் ஒரு சிறுவன் அந்த மூடியைக் கழற்றிப் பார்ப்பான். 30 மி.மீ. ஃபைண்டரும் டெலஸ்கோப்தான், அதுவும் கண்ணைச் சுடும், சட்டையையும் சுடும்.

டெலஸ்கோப் சூரியனுக்கு முதுகு காட்டி இருக்கும்போதே மூடியை மாட்டி, நாடாவைக் கட்டி, ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பிறகு திருப்புங்கள். சூரியனைத் தேட ஐபீஸ் வழியாகவோ குழாயின் ஓரமாகவோ பார்க்காதீர்கள். தரையில் விழும் குழாயின் நிழலைப் பாருங்கள். நீளமாக இருக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமாகும்போது சூரியன் உள்ளே வந்துவிட்டது. 25 மி.மீ. போன்ற குறைந்த பெருக்க ஐபீஸில் ஆரம்பியுங்கள். முதல் பார்வைக்கு முன் ஐபீஸ் அருகே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள், சூடு தெரிந்தால் எங்கோ ஒழுகுகிறது. நன்றாக வேலை செய்யும் ஃபில்டரில் கையில் ஒன்றும் உறைக்காது, பிம்பம் பௌர்ணமி நிலாவைப் பார்ப்பது போலச் சுகமாக இருக்கும். கண் கூசினால் அந்த ஃபில்டர் சரியில்லை, சந்தேகத்தின் பலனை அதற்குக் கொடுக்காதீர்கள்.

முடித்ததும் முதலில் டெலஸ்கோப்பைச் சூரியனிலிருந்து திருப்புங்கள், பிறகுதான் மூடியைக் கழற்றுங்கள். வளைய கிரகணத்தில் ஃபில்டரைக் கழற்றும் நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. முழுக் கிரகணம் பற்றிப் படித்ததை இங்கே கொண்டுவராதீர்கள்.

இன்னொரு தூண்டில். 76, 114 மி.மீ. டெலஸ்கோப்களின் தூசி மூடியில் சின்னதாக இன்னொரு மூடி இருக்கும், தனியாகக் கழற்றலாம். இதைச் சூரியன் பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது திறப்பைக் குறைக்கும் ஓட்டை மட்டும், ஃபில்டர் இல்லை. 40 மி.மீ. ஓட்டை வழியாகவே ஒரு வாட்டுக்கு மேல் உள்ளே போகும்.

மதுரையில் நேரம் என்று பார்த்தால் காலை எட்டிலிருந்து பத்து. அதற்குப் பிறகு மொட்டைமாடித் தரை கொதித்து, பிம்பம் தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். மண் தரையோ புல்லோ இருந்தால் மாடியை விட அங்கே வையுங்கள். சித்திரையிலும் ஆவணியிலும் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும். அந்த நேரத்தில் சாதாரண டாப்சோனியனைத் திருப்புவதே பாடு. அன்றைய புள்ளிகள் சரியாகத் தெரிகின்றனவா என்று சரிபார்க்க, நாசாவின் எஸ்டிஓ விண்கலம் இணையத்தில் வெளியிடும் அன்றாடப் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கண்ணாடி டெலஸ்கோப்பில் படம் தலைகீழாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

7. கூட்டத்துக்குக் காட்டுவதாக இருந்தால்

ஃபில்டர் கிடைக்காதவர்கள் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழவைப்பதையே செய்யலாம். 50-60 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப், பழைய ஹைகன்ஸ் ரக ஐபீஸ் (பசை இல்லாமல் இரண்டு தனித்தனி லென்ஸ் உள்ளது), ஒரு அடி தள்ளி வெள்ளைத் தாள். விலையுயர்ந்த, பல லென்ஸ்கள் ஒட்டிய ஐபீஸைப் போட்டால் அதன் பசை வெந்துவிடும், பிளாஸ்டிக் ஐபீஸ் உருகும். ஷ்மிட்-காசகிரெய்ன், மாக்சுதோவ் ரகங்களில் (லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த குட்டைக் குழாய் டெலஸ்கோப்கள்) இதைச் செய்யவே கூடாது. ஆனால் இந்த முறையில் ஐபீஸுக்கு வெளியே ஃபில்டர் இல்லாத சூரியன் நிற்கிறது. ஒரு குழந்தை தாளைப் பார்க்காமல் ஐபீஸில் கண்ணை வைக்க அரை நொடி போதும். ஐபீஸுக்கும் திரைக்கும் நடுவே அட்டைப் பெட்டியால் மூடாமல் பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டாதீர்கள்.

ஃபில்டரோடு காட்டினாலும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஐபீஸ் பக்கம், இன்னொருவர் குழாயின் வாய்ப் பக்கம். இரண்டாமவரின் ஒரே வேலை மூடியைக் கவனிப்பது. பளபளக்கும் ஃபிலிமைத் தொட்டுப் பார்க்காத குழந்தை உலகத்தில் இல்லை. வரிசைக்குக் கயிறு கட்டுங்கள். சாப்பிடப் போகும்போது டெலஸ்கோப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூரியனிலிருந்து திருப்பி, மூடி போட்டுவிட்டுப் போங்கள். மைதானம், கோயில் வளாகம், நூலகம் என்றால் இடத்துக்குரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். கிரகண நாளில் அங்கே கூட்டம் சேரும் என்பது அவர்களுக்கும் தெரியும், கடைசி நேரத்தில் கையெழுத்துக் கிடைக்காது.

8. தப்பு நடந்துவிட்டால்

விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. சுட்டது அந்த நேரத்தில் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ, படிக்கும்போது எழுத்தின் நடுவே ஒரு மங்கல் திட்டு, நேர்க்கோடு வளைந்து தெரிவது, நிறம் வெளுத்துத் தெரிவது என்று ஆரம்பிக்கும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். மதுரையில் கண் மருத்துவத்துக்குக் குறைவில்லை, அரவிந்த் கண் மருத்துவமனையிலும் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டு இருந்தால் கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டெலஸ்கோப்பில், எந்த ஃபில்டரில் பார்த்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பிள்ளைகள் இதை மறைப்பார்கள், அதனால் கேட்கும்போது அதட்டாமல் கேளுங்கள். சிலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் பார்வை ஓரளவு திரும்பும். சிலருக்கு அந்தத் திட்டு அப்படியே தங்கிவிடும். இதைச் சரிசெய்வதாக நிரூபணமான மருந்து இதுவரை இல்லை.

உடைந்த ஃபில்டர் இருந்தால் அதையும் ஒரு கவரில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வீடு திரும்பியதும் அதே பெட்டியில் இன்னொன்று கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இரண்டு ஐபீஸ் கொண்ட செட்டில் சில நேரம் இரண்டு போட்டிருப்பார்கள்.